குறடுக்கு ஒரு லேஸ் சட்டை

போன சனிக்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு, வடசேரிப் பக்கம் ஒரு மனிதர் ஓடினார். மேலே சட்டை இல்லை. தோளில் ஒரு துவர்த்துத் துண்டு. முகத்தில் இடது பக்கம் வழவழவென்று சவரம் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுக்க சோப்பு நுரை... பார்த்தீர்களா?

பார்த்திருப்பீர்கள். நாகர்கோவிலில் பாதிப் பேர் பார்த்தார்கள். மீதிப் பாதிக்கு அவர்கள் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

அது நான்தான்.

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிற இரண்டு அன்பர்கள் அதற்குள் கடிதமும் போட்டுவிட்டார்கள். ஒருவர், "வீட்டில் அம்மாள் கை ஓங்கிவிட்டார்களோ?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் கோட்டாறுக்காரர். உச்சந்தலையில் வைக்க ஒரு தைலத்தின் பெயரும், கடையின் அடையாளமும் எழுதியிருக்கிறார். இருவருக்கும் நன்றி. அடியும் இல்லை, மூளைக் கோளாறும் இல்லை. காரணம் ஒரு குறடு.

குறடு என்றால் தச்சர் ஆணி பிடுங்குகிற குறடு இல்லை. கரண்டு வேலைக்காரர்களின் குறடு. கம்பியை வெட்டும், முறுக்கும், இழுத்துப் பிடிக்கும். அதன் இரண்டு கைப்பிடிகளுக்கும் கட்டை விரல் கனத்துக்குக் கறுப்பு ரப்பர் போட்டிருக்கும். இது என் மைத்துனன் மாசிலாமணியின் குறடு.

மாசிலாமணி என் மனைவி எஸ்தரின் தம்பி. சொந்த ஊர் தக்கலை. நம் ஊருக்குக் கரண்டு வந்த கையோடு கரண்டு கம்பெனியில் வயர்மேனாகச் சேர்ந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, வயது இருபத்தெட்டு ஆகிறது. நல்ல மனிதன் என்று சொல்லலாம். ஒரே ஒரு குறை... அந்தக் குறடைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான்.

கம்பெனி அவனுக்கு அதைக் கொடுத்த அன்று மத்தியானம் சோற்றுக்கு முன் ஒரு பிரசங்கமே நடந்தது. பலகை மேல் ஒரு துணி விரித்து, குறடையும் இரண்டு திருப்புளிகளையும் வரிசையாக வைத்தான். எல்லாவற்றுக்கும் ரப்பர் பிடி.

"பாத்தியளா அத்தான்... கரண்டு கம்பியில ஓடும். கம்பியைத் தொட்டா இரும்புல ஏறும். இரும்புல இருந்து கையில ஏறும். கையில இருந்து நெஞ்சுக்குப் போவும். நெஞ்சுக்குப் போனா நேரே பரலோகம். இந்த ரப்பரு மட்டும்தான் 'நில்லுடே'ன்னு சொல்லி வழி மறிக்கும்."

"அப்போ நீ வேலை பார்க்கவில்லை, ரப்பர்தான் பார்க்கிறது" என்றேன். நான் வக்கீல் குமாஸ்தா. குறுக்கே ஒரு கேள்வி போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவன் சிரிக்கவில்லை. "ரப்பருல ஒரு கீறல் விழுந்தாலும் போதும் அத்தான். அந்தக் கீறல் வழி வந்துரும். அதுக்குத்தான் தெனமும் பாக்கது."

நிஜமாகவே தினமும் பார்ப்பான். காலையில் பல் தேய்த்ததும் குறடை வெயிலில் நீட்டி, பிடி இரண்டையும் திருப்பித் திருப்பி, விரலால் தடவிப் பார்ப்பான். பிறகுதான் ஜெபம். இந்த வரிசை எஸ்தருக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

இனி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்... எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் ஒரே ஒரு வேலை கிடையாது. வக்கீல் ஐயா வேண்டாமென்று கொடுத்த தடித்தடிச் சட்டப் புத்தகங்கள் அப்பளம் வளையாமல் இருக்க மேலே பாரம் வைக்கிறதற்கு. என் பழைய குடை பப்பாளி பறிக்க. ஆர்மோனியப் பெட்டியின் மூடியில் ஊறுகாய்ப் பரணி. இது எங்கள் வீட்டில் மட்டும்தானா? உங்கள் வீட்டு மண்வெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தேங்காய் உரித்திருக்கிறதா, இல்லையா?

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குறடு எத்தனை நாள் சும்மா தொங்கும்?

இரண்டு வாரம் முன்பு மாசிலாமணி அம்மாவைப் பார்க்க மூன்று நாள் லீவில் தக்கலைக்குப் போனான். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறுமுன், குறடைச் சுவரில் ஓர் ஆணியில் உயரமாக மாட்டினான்.

"அக்கா, இதைத் தொடப்பிடாது கேட்டியா?"

"நான் எதுக்கு மக்கா அதைத் தொடுகேன்? எனக்கு என்ன, கம்பத்துல ஏறணுமா?" என்றாள் எஸ்தர்.

அவன் ஏறிய பஸ் பார்வதிபுரம் தாண்டியிருக்காது. கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டு வரும் பிலோமி வாசலில் கடவப் பெட்டியை இறக்கினாள். அன்று நண்டு. கொழுத்த நண்டு. நண்டின் கொடுக்கை உடைக்க எங்கள் வீட்டில் அம்மிக் குழவிதான் வழக்கம். பிலோமி நிமிர்ந்து பார்த்தாள், சுவரில் குறடு தெரிந்தது.

"அம்மோ, அந்தக் கொறடு இருக்கே, அதைக் கொண்டு ஒரு நெருக்கு நெருக்குனா தீந்துதே! எதுக்குக் குழவி?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வீட்டில் பல அனுமதிகள் இப்படித்தான் கொடுக்கப்படுகின்றன.

நண்டால் குறடுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? கழுவித் துடைத்து மாட்டிவிட்டாள். ஆனால் அதோடு கூச்சம் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நான் கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து வந்தபோது வீட்டில் ஏதோ ஒரு கருகல் வாடை. "என்ன வாடை?" என்றேன். "கருவாடு சுட்டேன்" என்றாள். இலையில் கருவாடு இல்லை. நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பார்க்கிறேன்... ஆணியில் தொங்கிய குறடின் ஒரு கைப்பிடிக்கு வெள்ளை வெளேரென்று ஒரு லேஸ் உறை! பூவும் இலையுமாகப் பின்னி, மேலும் கீழும் இழுத்துத் தைத்திருந்தது. எஸ்தர் மிஷன் லேஸ் கூடத்தில் படித்தவள். அவள் கைலேஸ் கப்பலேறிச் சீமைக்குப் போய் அங்கே துரைசானிமார் கழுத்தில் கிடக்கிறது. அப்பேர்ப்பட்ட லேஸ் ஒரு குறடின் ஒற்றைக் காலுக்கு!

"தம்பி ஆசையா வச்சிருக்க சாமானில்லா... சும்மா, ஒரு அழகுக்கு" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உடன்பிறந்த பாசம் என்று நினைத்தேன். கண் கூடக் கலங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போக என் கோட்டை இஸ்திரி போட வேண்டும். எங்கள் இஸ்திரிப்பெட்டி கரி போடுகிற பித்தளைப் பெட்டி. எஸ்தர் முன்னமே கோயிலுக்குப் போய்விட்டாள், பாட்டுக் கூட்டத்தில் இருக்கிறாள். அடுப்பிலிருந்து கங்கு எடுத்துப் பெட்டியில் போட இடுக்கியைத் தேடினேன். கிடைக்கவில்லை. சுவரில்...

ஆகா, என்ன சுகம்! கங்கு கங்காக எடுத்தேன். கை சுடவே இல்லை. கரண்டையே வழி மறிக்கிற ரப்பர், சூட்டை விடுமா? மாசிலாமணியின் பிரசங்கத்துக்கு அன்றுதான் முதன்முதலாக மனசுக்குள் ஆமென் சொன்னேன். கோட்டின் கையைத் திருப்பிப் போடுவதற்காகக் குறடை ஒரு நிமிஷம் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன்? இஸ்திரிப்பெட்டியின் மூடி மேல்.

வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். லேஸ் போடாத பிடி மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தபோது ரப்பர் பாகாக இழுபட்டு, உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு பளபளவென்று வெளியே தெரிந்தது.

கோயிலில் அன்று எந்த வசனம் வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, என்னவோ கருகுன வாடை?"

"கோட்டு லேசாய்க் காந்திட்டு" என்றேன்.

கோட்டில் ஒரு கறை கூட இல்லை. அவளும் கேட்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச்சொல். ஏன் சொல்லவில்லை? என்னைக் கண்டால் மாசிலாமணி எழுந்து நிற்பான். தினமும் பத்துப் பேருக்குச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கிறவன் நான். அப்படிப்பட்ட அத்தான், தம்பி தொடாதே என்று சொல்லிவிட்டுப் போன சாமானைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கங்கு அள்ளினேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கப்படுகிறவன் மூளை எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள்... லேஸ் ஞாபகம் வந்தது.

"எஸ்தர், ஒரு பிடிக்கு மட்டும் சட்டை போட்டால் நன்றாகவா இருக்கிறது? மற்றதுக்கும் ஒன்று பின்னேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் பின்னி முடித்துவிட்டாள்.

"நானே போட்டுத் தைத்துவிடுகிறேன்" என்றேன்.

இருபது வருஷக் குடித்தனத்தில் நான் ஊசியில் நூல் கோத்ததில்லை. அன்று புறவாசலில் போய் உட்கார்ந்து, இரண்டு விரலில் குத்திக்கொண்டு, பிடியை மூடித் தைத்தேன். எஸ்தருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அவள் தைத்த பிடியைப் பற்றி எனக்கும் வரவில்லை. தன் தப்பை மூடுகிற அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு அடுத்தவர் அவசரம் கண்ணில் படுவதில்லை.

திங்கட்கிழமை மாசிலாமணி வந்தான். குறடைக் கையில் எடுத்தான்.

"அக்கா... இது நீ பின்னுனதா?"

"பின்னே? பிடிக்கலியா?"

"சீமைக்குப் போற லேஸை எனக்க கொறடுக்குப் போட்டிருக்கியே அக்கா" என்றான். குரல் கம்மிவிட்டது. பிறகு தொழில்காரன் புத்தி வந்தது. "ஒண்ணு மட்டும்தான்... ரப்பரைப் பாக்க முடியாதே. சரி, மூணு நாளும் ஆணியிலதானே தொங்கிச்சு. கீறல் எங்க இருந்து வரும்?"

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் "ஆமா ஆமா" என்றோம்.

கம்பெனியில் அவனைக் கேலி செய்தார்களாம். "மாப்பிள்ளைக் கொறடு" என்று பெயரே வைத்துவிட்டார்களாம். அவனுக்கு அதிலும் பெருமைதான்.

அந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் நான் வாசலில் நிற்பேன். "இன்றைக்குக் கம்பத்தில் ஏறினாயா?" என்று கேட்பேன். அத்தானுக்குத் தொழிலில் அக்கறை வந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். "இல்லத்தான், இந்த வாரம் முழுக்கக் குழி தோண்டிக் கம்பம் நடுகதுதான் வேலை" என்பான். அப்பாடா என்று உள்ளே போவேன். நாளை சொல்லிக்கொள்ளலாம். எத்தனை நாளைகள்! நான் எனக்குள் ஒரு வாதமும் தயார் செய்து வைத்திருந்தேன். கெட்டது ஒரு பிடிதான். மற்றப் பிடி நன்றாகத்தானே இருக்கிறது? அதோடு லேஸும் பருத்தி நூல். உலர்ந்த நூலில் கரண்டு சுலபமாக ஏறாது என்று அவனே சொல்லியிருக்கிறான். இந்த வாதத்தை வைத்து எந்தக் கேசும் ஜெயிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாசிலாமணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "நாளைக்கு ரைஸ் மில் பக்கத்துல ஒரு வீட்டுக்குப் புதுசா இணைப்பு குடுக்கணும். கரண்டை நிறுத்த முடியாது. கன்னிப்பூ அறுப்பு முடிஞ்சு நெல்லு மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. மில்லுக்காரரு ஒரு நிமிஷம்கூட நிறுத்தச் சம்மதிக்கல்ல. ஓடுத கம்பியிலதான் வேலை."

"கையுறை?" என்றேன். சோறு இறங்கவில்லை.

"கம்பெனிக்கு ஒரே ஒரு சோடிதான் உண்டு. அது ஒழுகினசேரிப் பக்கம் போயிருக்கு. கொறடு இருக்கில்லா, பயப்படாதீங்க."

காலையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அவன் ஆறு மணிக்கே போய்விட்டிருந்தான். வானம் வெளுத்திருந்தது. சரி, உலர்ந்த நூல் என்று மறுபடியும் என் வாதத்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடி முன் சவரத்துக்கு உட்கார்ந்தேன். இடது பக்கம் முடிந்தது. கத்தியைத் துடைக்கிறேன்... ஓட்டில் சடசடவென்று சத்தம்.

மழை.

லேஸ் என்றால் என்ன? நிறைய ஓட்டைகளை நூலால் சேர்த்துக் கட்டியது. நனைந்த நூல், நடுவில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வெறும் இரும்பு!

அடுக்களையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. எஸ்தர் ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. கண்ணில் தண்ணீர்.

"இஞ்ச பாருங்க... நான் ஒரு பாவம் செஞ்சிட்டேன். அந்தக் கொறடைக் கொண்டு மரச்சீனிக் கெழங்கு அவிச்ச பானையை எறக்கினேன். அடுப்புல சாச்சு வச்சதுல ஒரு பிடி உருகிப் போச்சு. அதை மறைக்கத்தான் லேஸ் போட்டேன். மழை வேற பெய்யுதே... எனக்க தம்பி கம்பத்துல நிக்கானே!"

"எந்தப் பிடி?"

"முதல்ல சட்டை போட்ட பிடிதான், பின்னே எந்தப் பிடி?"

நான் உருக்கியது இரண்டாவது பிடி.

பிறகு நான் சட்டையைத் தேடவில்லை.

நம் ஊரில் அவசரமாக ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓடவே முடியாது. எதிரே வருகிறவர் ஒவ்வொருவருக்கும் எங்கே போகிறோம் என்று தெரிந்தாக வேண்டும். முதலில் எங்கள் சபை உபதேசியார் குடையோடு வந்தார். "ஸ்தோத்திரம்! எங்க இந்தக் கோலத்துல?" ஸ்தோத்திரத்துக்குப் பதில் சொல்லாமல் போக முடியுமா? ஓடிக்கொண்டே வாயைத் திறந்தேன். சோப்பு நுரை உள்ளே போயிற்று. அடுத்து, திருவட்டாற்றிலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர். வழியை மறித்தே நின்றார். "ஓய் குமாஸ்தா, நம்ம கேசு திங்களாழ்ச்சயா, செவ்வாயாழ்ச்சயா?"

"மாசிலாமணி!" என்று கத்திவிட்டு அவரைச் சுற்றி ஓடினேன். அப்படி ஒரு கிழமை உண்டா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

மில் வந்தது. உள்ளே யந்திரம் காது கிழிய அலறுகிறது. வெளியே கம்பம். கம்பத்தில் சாய்த்த மூங்கில் ஏணி. உச்சியில் மாசிலாமணி, நனைந்த காக்கி உடுப்போடு. இடுப்புப் பையிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுக்கிறான்.

"தொடாதே!" என்று கத்தினேன். மில் சத்தத்தில் என் காதுக்கே கேட்கவில்லை. துவர்த்தை வீசினேன். அவன் கண் கம்பியில் இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பொன்னுமுத்து, கம்பெனிக் கூலியாள். என்னை ஒரு கையால் தடுத்தான். "ஏணியைத் தொடாதீரும்வே! ஆளு மேல நிக்கது தெரியல்லியா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. பரணில் ஏறவே ஆள் கூப்பிடுகிறவன். அன்று பொன்னுமுத்துவின் கைக்குக் கீழே குனிந்து புகுந்து, ஏணியில் ஏறினேன். எத்தனை படி என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினேன். கையில் மாசிலாமணியின் கால்சட்டை முனை தட்டியது. பிடித்து இழுத்தேன்.

அவன் குனிந்து பார்த்தான். பாதி நுரை, பாதி மழையோடு என் முகம். அவன் முகத்தில் ரத்தமே வற்றிவிட்டது.

"அத்தான்! அக்காவுக்கு என்ன?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அந்த இடத்தில் நான் கீழே விழுந்து தொலைந்திருந்தாலும் நியாயம்தான் என்று தோன்றியது.

"அக்காவுக்கு ஒன்றுமில்லை! குறடு... குறடில் ரப்பர் இல்லை! தொடாதே! இறங்கு!"

இறங்கினோம். முதலில் என்னை இறக்க வேண்டியிருந்தது. அதற்கே பொன்னுமுத்துவும் மில்லிலிருந்து இன்னும் இரண்டு பேரும் வேண்டியிருந்தது. அதற்குள் எஸ்தரும் நனைந்து வந்து சேர்ந்தாள். மாவுக் கையைப் பிசைந்துகொண்டு தள்ளி நின்றாள்.

மாசிலாமணி பேனாக்கத்தியை எடுத்தான். ஒரு லேஸை அறுத்தான். உருகி வடிந்த ரப்பர், நடுவில் இரும்பு. அடுத்ததை அறுத்தான். அதிலும் இரும்பு. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது?"

"மரச்சீனிப் பானை" என்றாள் எஸ்தர்.

"இது?"

"இஸ்திரிப்பெட்டி" என்றேன்.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ கோட்டு காந்தல்லியா?"

"நீ கருவாடு சுட்டாயா?" என்றேன்.

பொன்னுமுத்து சிரித்துவிட்டான். மாசிலாமணி சிரிக்கவில்லை. மில் திண்டில் போய் உட்கார்ந்தான். குறடை மடியில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு கம்பி சேக்கணும் அத்தான். ஒண்ணு சேத்தாச்சு. அது செத்த கம்பி, தொட்டாலும் ஒண்ணும் செய்யாது. அடுத்தது உயிருள்ளது. அதுக்குத்தான் கொறடை எடுத்தேன்... நீங்க காலைப் பிடிச்சிய."

எஸ்தர் அழுதாள்.

"கொறடு உருகிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேற கொறடு கேட்டு வாங்கியிருப்பேன். பாம்பு கெடக்குன்னு சொன்னா கம்பு எடுப்பேன் அக்கா. பாம்பு மேல பூவைப் போட்டு மூடி வச்சிட்டியளே..."

அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை. சாதாரணக் குரலில்தான் சொன்னான்.

அன்று அந்த இணைப்பு நடக்கவில்லை. கம்பெனி சூப்பர்வைசர், சாமான் எப்படிக் கெட்டது என்று மாசிலாமணியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன், "எனக்க கவனக் குறைவு சார்" என்று மட்டும் சொன்னானாம். அதற்கு வேலை போகும். இது பொன்னுமுத்து வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. உடனே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற கை, அன்று தனக்கென்று எழுத மிகவும் சிரமப்பட்டது. இன்ன தேதியில், இன்ன இஸ்திரிப்பெட்டியின் மூடியில், மேற்படிக் குறடை வைத்து மேற்படிப் பிடியை உருக்கியவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "எனக்குள்ளதையும் எழுதுங்க" என்றாள் எஸ்தர். எழுதினேன். அவளும் கையெழுத்துப் போட்டாள். இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தார். "ஒரு பிடி சாரு, ஒரு பிடி சம்சாரம்... நல்லாப் பங்கு வச்சிருக்கிய" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, இனிமேல் மாசிலாமணியின் சாமான் எதுவும் எங்கள் வீட்டுக்கு வராது, கம்பெனிப் பெட்டியிலேயே பூட்டி வைக்கப்படும் என்றார். புதுக் குறடு கொடுத்தார்கள். வேலை தப்பியது. திங்கட்கிழமை மில்லை அரை மணி நேரம் நிறுத்தி வைத்துத்தான் அந்த இணைப்பு கொடுக்கப்பட்டது. மில்லுக்காரர் முணுமுணுத்தாராம். முணுமுணுக்கட்டும், நெல் எங்கேயும் ஓடிப் போகாது.

மாசிலாமணி எங்கள் மேல் கோபமாக இருக்கிறானா? இல்லை என்றுதான் சொல்கிறான். சாப்பிட வருகிறான். அக்கா என்று கூப்பிடுகிறான். என்னைக் கண்டால் இப்போதும் எழுந்து நிற்கிறான். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை எஸ்தர் அவனுக்கு ஆப்பம் வைத்தாள். மேலே பூப்பூவாக, ஓரமெல்லாம் லேஸ் போல மொறுமொறுவென்று, அழகான ஆப்பம்.

அவன் மெல்லத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டான்.